அமெரிக்க ஓநாய்: காவலை வைப்பதா, குறைப்பதா, எடுப்பதா?

2020 நவம்பர் 3, அதிபர் தேர்தல் நாள். கொலராடோ வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது: மாநிலத்துக்குள் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா? 50.9 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே நாள் வெளிவந்த மத்திய அரசிதழில் ஓர் அறிவிப்பு: அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக நாடு முழுவதும் சாம்பல் ஓநாய்க்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீங்குகிறது. ஒரு கை கொண்டுவர, இன்னொரு கை காவலை எடுத்தது.

அப்போதிருந்து மினசோட்டா, விஸ்கான்சின், கொலராடோ பக்கம் குடியிருக்கும் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது? காட்டுயிர்ப் பிரியர்கள் ஒரு பக்கம், மாடு வளர்ப்பவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால் பதில் கிடைக்காது. ‘பாதுகாப்பு வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று மேடையில் இரண்டு குரல்தான் கேட்கும். நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள். நான்கும் எங்கேயாவது ஓடிப் பார்த்தவை, அதனால் ஊகிக்க வேண்டிய அவசியமில்லை.

பின்னணி சுருக்கமாக. அழியும் உயிரினங்களுக்கான சட்டம் 1973ல் வந்தது. 1978ல் ஓநாய் நாடு தழுவிய பட்டியலில் ஏறியபோது, அலாஸ்கா நீங்கலாக, அது சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியிருந்தது வடகிழக்கு மினசோட்டாவிலும் சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவிலும் மட்டும்தான். மற்ற இடங்களில் தலைக்கு விலை வைத்து, விஷம் வைத்து, அரசே ஆள் போட்டு ஒழித்துவிட்டது. 1995, 96ல் கனடாவிலிருந்து 66 ஓநாய்களைப் பிடித்து வந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் இடாஹோவிலும் விட்டார்கள். இன்று மினசோட்டாவில் 2,700க்குக் குறையாமல், விஸ்கான்சினில் ஆயிரம் அளவில், மிச்சிகனில் அறுநூறுக்கு மேல். மேற்கு மாநிலங்களில் 2022 இறுதிக் கணக்கு 2,797. நியூ மெக்சிகோ, அரிசோனாவின் மெக்சிகன் ஓநாயும் வட கரோலினாவின் சிவப்பு ஓநாயும் தனிக் கதை. அவை இன்னும் விளிம்பில்தான் இருக்கின்றன. அவற்றின் காவலைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்பதால் இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், ஓநாய் நிலைக்குமா என்பது. எண்ணிக்கை மட்டும் போதாது, பரவலும் வேண்டும். சட்டத்தின் வாசகமே ‘வாழிடத்தின் குறிப்பிடத்தக்க பகுதியில்’ ஆபத்து இருக்கிறதா என்று கேட்கிறது. நீதிமன்றங்களில் மத்திய வனவிலங்குத் துறை வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, கன்றை ஓநாய் பிடித்துவிட்டால் பண்ணைக்காரர் அன்று என்ன செய்யலாம்? மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓநாயால் சாகும் மாடுகள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் இழப்பு எல்லோருக்கும் பங்கு போட்டு வருவதில்லை. பத்துப் பண்ணையில் ஒன்பதுக்கு ஒன்றுமில்லை, பத்தாவதற்கு ஈற்றுக் காலம் முழுக்கத் தூக்கமில்லை என்பதுதான் நிலவரம். அந்தப் பத்தாவது ஆளிடம் போய் சராசரி பேசினால் கோபம்தான் வரும்.

மூன்றாவது, முடிவெடுப்பது யார், தவறு நடந்தால் திருத்த முடியுமா. நான்காவது, முடிவு வழக்கில் நிற்குமா. ஐந்தாவது, செலவு யார் தலையில். ஆறாவது ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் அடங்கிய பெரிய ஏரிகள் பகுதியின் ஓஜிப்வே பழங்குடியினர். 1837, 1842 ஒப்பந்தங்கள்படி, அவர்கள் விட்டுக்கொடுத்த நிலத்தில் வேட்டையில் பாதி வரை அவர்கள் உரிமை. ஓநாய் அவர்களுக்கு உடன்பிறப்பு மாதிரி. அந்தப் பங்கை அவர்கள் சுடுவதற்குக் கேட்பதில்லை, விட்டுவைப்பதற்குக் கேட்கிறார்கள்.

மனிதரைத் தாக்கும் பயத்தை நான் சேர்க்கவில்லை. 2024ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச்சில் குழந்தைகள் இறந்த செய்தியை மனதில் வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இது விநோதமாகப் படலாம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சம்பவம் மிக மிக அரிது. அங்கே இது மாட்டுச் சண்டை, மான் சண்டை, அதிகாரச் சண்டை.

## வழி 1: முழுக் காவல் அப்படியே இருக்கட்டும்

2020 நீக்கத்தை நீதிமன்றம் பிறகு ரத்து செய்ததால் விஸ்கான்சினும் மிச்சிகனும் இப்போது இருக்கும் நிலை இது. ‘அழியும் நிலை’ என்ற முத்திரை. மனித உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய ஓநாயைக் கொல்ல முடியாது. கண் முன்னால் கன்றின் கழுத்தைக் கவ்வினாலும் துப்பாக்கியை எடுக்கக் கூடாது, விரட்டலாம், அவ்வளவுதான்.

ஓநாய் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. புதிதாக ஒரு மாநிலத்துக்குள் கால் வைக்கும் நான்கைந்து ஓநாய்களுக்கு இது உயிர்நாடி. 2015ல் கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல் கூட்டம் குட்டி போட்டது தெரியவந்தது இந்தக் காவலின் நிழலில்தான்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதலாவது, கள்ள வேட்டை. ‘சுடு, புதை, வாயை மூடு’ என்று மேற்கத்தியப் பண்ணைகளில் ஒரு பழமொழியே உண்டு. சட்டப்படி ஒரு ஓநாயைக்கூடத் தொட முடியாது என்ற இடத்தில் இந்தப் பழமொழிக்கு ஆள் சேர்வது எளிது.

இரண்டாவது, நஷ்டஈடு வாங்கும் பாடு. செத்த கன்றைக் கண்டதும் விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். அவர் வந்து தோலை உரித்துப் பார்ப்பார். பல் பட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடிபட்டது என்று பொருள். கட்டாமல் இருந்தால் வேறு காரணத்தால் செத்த உடலை ஓநாய் பின்னால் வந்து தின்றிருக்கலாம், பணம் கிடையாது. இரண்டு நாள் வெயிலில் கிடந்து, கழுகும் நரி போன்ற கொயோட்டியும் பங்குக்கு வந்து போன உடலில் இதைக் கண்டுபிடிப்பது லேசல்ல. புதர்க்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பாதி உடல்கள் கண்ணிலேயே படாது. இலையுதிர் காலத்தில் மாட்டைத் திரும்ப ஓட்டி எண்ணும்போது ஏழெட்டுக் கன்று குறையும், ஒன்றுக்குத்தான் சான்று இருக்கும். சாகாத மாடுகளும் மிரண்டு மேயாமல் எடை குறையும், சினை பிடிப்பது குறையும்.

இந்த இழப்பையெல்லாம் ஏற்க முன்வந்த மாநிலம் கொலராடோ. தலைக்கு 15,000 டாலர் வரை உச்சவரம்பு. 2025 மார்ச்சில் இரண்டே பண்ணைகளுக்கு 3.4 லட்சம் டாலருக்கு மேல் ஒப்புதல் ஆனது. ஆண்டுக்கு ஒதுக்கியிருந்ததே 3.5 லட்சம்.

வரவு வைக்கப்படாத வரவும் ஒன்று உண்டு. விஸ்கான்சினில் ஓநாய் குடியேறிய மாவட்டங்களில் மான் மீது கார் மோதும் விபத்து 24 சதவீதம் குறைந்தது என்று 2021ல் ஓர் ஆய்வு வந்தது. ஓநாயால் தப்பித்த பம்பருக்கு யாரும் ரசீது வைத்துக்கொள்வதில்லை.

ஓநாய் எண்ணிக்கை நூற்றுக்கணக்கைத் தொடாத மாநிலத்துக்கு இந்த வழி சரி. ஆயிரம் ஓநாய் இருக்கும் விஸ்கான்சினுக்கு ‘அழியும் நிலை’ என்ற முத்திரை பொருந்துகிறதா என்றால், எனக்குப் படவில்லை.

## வழி 2: ஒரு படி இறக்குவது

மினசோட்டா 1978லிருந்தே தனி. அங்கே ஓநாய் ‘அழியும் நிலை’யில் இல்லை, அதற்கு ஒரு படி கீழே ‘அச்சுறுத்தல் நிலை’யில் இருக்கிறது. அந்தப் படிக்கு மத்திய அரசு தனி விதி எழுதிக்கொள்ளலாம். எழுதிய விதி இது: கால்நடையை ஓநாய் கொன்றது உறுதியானால் அரசின் பொறிக்காரர் வந்து, சம்பவ இடத்திலிருந்து அரை மைல் சுற்றளவுக்குள் பொறி வைத்துப் பிடித்துக் கொல்லலாம். பொது வேட்டை கிடையாது. பண்ணைக்காரர் தானே சுடவும் கூடாது.

இப்படிப் பல ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றைம்பது, இருநூறு ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கின்றன. ஓநாய் எண்ணிக்கை சரியவில்லை. வேலை சத்தமில்லாமல் நடப்பதால் வெளியே பேச்சே இல்லை. பாதுகாப்பு அமைப்புகள் இந்தக் கணக்கை அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. பாதுகாப்பை நீக்கச் சொல்பவர்களும் பேசுவதில்லை. இரண்டு தரப்புக்கும் மினசோட்டா சங்கடம்.

கொலராடோ போட்டிருப்பது இதே வழியின் வேறு உருவம். 2023 டிசம்பரில் ஓரிகனிலிருந்து கொண்டுவந்த 10 ஓநாய்களை விட்டபோது ‘பரிசோதனைத் தொகை’, அதாவது விதிகள் தளர்ந்த சோதனைக் கூட்டம், என்று அறிவித்துத்தான் விட்டார்கள். அதனால் மாட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் ஓநாயைப் பண்ணைக்காரரே சுடலாம். 1995ல் யெல்லோஸ்டோனிலும் இந்த ஏற்பாடுதான்.

ஐரோப்பாவும் 2025ல் இந்தப் படிக்கு இறங்கியது. ஐரோப்பியக் காட்டுயிர்களுக்கான பெர்ன் உடன்படிக்கையில் ஓநாயைக் ‘கடுமையான பாதுகாப்பு’ப் பட்டியலிலிருந்து ‘பாதுகாப்பு’ப் பட்டியலுக்கு மாற்றி, ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தச் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனின் மட்டக்குதிரை டாலியை 2022ல் ஓர் ஓநாய் கொன்றது. அதற்குப் பழிவாங்கல்தான் இது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 20,000 ஓநாய் இருக்கும் கண்டத்தில் இந்த விவாதம் டாலி இல்லாமலும் வந்திருக்கும்.

இந்த வழியின் விலை என்ன? பொறிக்காரர் சம்பளம் மத்திய அரசின் பணம்; பட்ஜெட்டில் கை வைத்தால் பண்ணைக்காரர் அன்றே தவிப்பார். மான் வேட்டைக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, அதனால் அரசியல் அழுத்தம் அப்படியே நிற்கும். அப்புறம், ஓநாயைக் கொல்வதால் அடுத்த ஆண்டு கால்நடை இழப்பு குறைகிறதா என்பதே சர்ச்சை. கூட்டம் சிதறி இழப்பு கூடுகிறது என்று 2014ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. அதே தரவை எடுத்து வேறு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது முடிவு மாறிவிட்டது. சிவப்புத் துணி கட்டிய கயிறு, குதிரையில் ரோந்து, காவல் நாய் இவையெல்லாம் பலன் தருகின்றன, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். துணிக் கயிற்றுக்கு ஓநாய் ஓரிரு மாதத்தில் பழகிவிடும். ஈற்றுக் காலத்தைத் தாண்ட அது போதும், கோடை முழுவதும் தாண்டப் போதாது.

## வழி 3: பட்டியலிலிருந்து எடுத்து மாநிலத்திடம் ஒப்படைப்பது

கேட்க நியாயமாக இருக்கும். எண்ணிக்கை மீண்டுவிட்டது, மான், கரடி எல்லாவற்றையும் மாநிலம்தானே பார்த்துக்கொள்கிறது, ஓநாயையும் பார்க்கட்டும். காவலை எடுக்கவே முடியாது என்றால் அந்தச் சட்டம் வெற்றி பெற்றதாக எப்போது சொல்வது என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது.

விஸ்கான்சினில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2012ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: ஓநாய் மத்தியப் பட்டியலில் இல்லாத காலத்தில் வேட்டைப் பருவம் நடத்தியே ஆக வேண்டும். நடத்தலாம் அல்ல, நடத்த வேண்டும். 2021 ஜனவரியில் நாடு தழுவிய நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடத்துகிறோம் என்றது மாநில இயற்கை வளத் துறை. கன்சாஸைச் சேர்ந்த ஒரு வேட்டை அமைப்பு வழக்குப் போட்டு, பிப்ரவரியிலேயே நடத்த உத்தரவு வாங்கியது. பிப்ரவரி ஓநாய்கள் இணை சேரும் மாதம்.

சுட அனுமதித்த எண்ணிக்கை, அதாவது கோட்டா, 200. அதில் 81 ஓஜிப்வே பங்கு, அவர்கள் சுடவில்லை. மீதி 119. அதற்கு 1,500க்கும் மேற்பட்ட உரிமங்கள் விற்கப்பட்டன. சுட்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தந்தால் போதும். துறை வேட்டையை மூடுவதற்கும் 24 மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும். புதுப் பனியில் தடம் தெளிவாகத் தெரிந்தது. வேட்டை நாய்களைக் கட்டவிழ்த்து, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் துரத்தினார்கள். மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் செத்தன. யாரும் பெரிதாகச் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது, கோட்டா தாண்டியது.

ராக்கி மலைப் பக்கத்தில் இந்த வழி 2011லிருந்து நடப்பில் இருக்கிறது. ஆரம்பத்தில் மொன்டானா நிதானமாகவே நடத்தியது. யெல்லோஸ்டோன் எல்லையை ஒட்டிய இரண்டு வேட்டைப் பகுதிகளில் 2020ல் தலா ஒரு ஓநாய்தான் கோட்டா. 2021ல் மாநில அரசியல் மாறியது. அந்தக் கோட்டா போனது, சுருக்குக் கண்ணி வந்தது, வேட்டைக்காரர் செலவைத் திருப்பித் தரவும் வழி செய்தார்கள். இடாஹோவில் ஒருவர் எத்தனை வேண்டுமானாலும் கொல்லலாம் என்றானது. அந்தக் குளிர்காலத்தில் பூங்கா எல்லையைத் தாண்டிய 25 யெல்லோஸ்டோன் ஓநாய்கள் கொல்லப்பட்டன. ஓநாய் பார்க்க வரும் பயணிகளால் அந்த வட்டாரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி டாலர் வருமானம் என்று 2005லேயே மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் போகும் ஊர்கள் வேறு, கோட்டாவைத் தீர்மானிக்கும் ஆட்கள் வேறு.

வயோமிங் இன்னும் ஒரு படி மேலே போனது. மாநிலத்தின் சுமார் 85 சதவீத நிலத்தில் ஓநாய் வெறும் தொல்லை விலங்கு. உரிமம் இல்லாமல், எந்த நாளும், கிட்டத்தட்ட எந்த முறையிலும் கொல்லலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மொன்டானா, இடாஹோ ஓநாய்கள் ஆயிரத்துக்கு மேல்தான் ஒவ்வொன்றிலும் இருக்கின்றன. மறுசீரமைப்புத் திட்டம் கேட்ட குறைந்தபட்சம் மூன்று மாநிலமும் சேர்த்து 300 ஓநாய், 30 இனப்பெருக்க ஜோடி. அது 2002லேயே தாண்டியாயிற்று. ‘காவலை எடுத்தால் அழிந்துவிடும்’ என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஓநாய் கடினமான விலங்கு, வேகமாகப் பெருகும். என் கவலை அழிவு பற்றியது அல்ல. மாநிலத் தேர்தல் ஒன்று போதும், பத்தாண்டு நிதானம் ஒரே பருவத்தில் காற்றில் போக.

வழக்கில் இந்த வழி நிற்குமா? ராக்கியில் மட்டும் நின்றது, அதற்குக் காரணம் அடுத்த பகுதியில். பெரிய ஏரிகள் பகுதியின் நீக்கத்தை 2014 டிசம்பரில் நீதிபதி பெரில் ஹோவெல் ரத்து செய்தார். 2020 நாடு தழுவிய நீக்கத்தை 2022 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் நீதிபதி ஜெஃப்ரி வைட் ரத்து செய்தார். பெரிய ஏரிகள், ராக்கி மலை என்ற இரண்டு பகுதிகளின் ஓநாய்களை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இடங்களை மறந்துவிட்டீர்கள் என்பது தீர்ப்பின் சாரம். பண்ணைக்காரருக்கு இதனால் ஏற்படும் தொல்லையை யாரும் எண்ணுவதில்லை: ஒரு வருடம் சுடலாம், அடுத்த வருடம் சுட்டால் குற்றம்.

## வழி 4: நாடாளுமன்றம் நேரடியாக எடுப்பது

2011 ஏப்ரலில் மொன்டானாவின் செனட்டர் ஜான் டெஸ்டரும் இடாஹோவின் மைக் சிம்ப்சனும் பட்ஜெட் மசோதாவில் ஒரு பத்தியைச் செருகினார்கள். மொன்டானா, இடாஹோ, அக்கம்பக்கத்தில் சில பகுதிகளில் ஓநாய் பட்டியலிலிருந்து போனது. இதை எந்த நீதிமன்றமும் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. ஓர் உயிரினத்தை நாடாளுமன்றமே பட்டியலிலிருந்து எடுத்தது அதுதான் முதல் தடவை. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். 2024 ஏப்ரலில் இதே பாணியில் நாடு முழுவதற்கும் ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் 209–205 என்று நிறைவேறியது, அந்தத் தடவை செனட்டைத் தாண்டவில்லை.

இதில் கிடைக்கும் லாபம் உறுதி ஒன்றே. விலை, திருத்தும் வழி அடைபடுவது. விஸ்கான்சினில் நடந்தது போல் இன்னொரு முறை நடந்தால் போய்க் கேட்க இடமில்லை.

## ஒரே பார்வையில்

| | முழுக் காவல் | ஒரு படி இறக்கம் | மாநில நிர்வாகம் | நாடாளுமன்றச் சட்டம் |
|---|---|---|---|---|
| நடப்பில் | விஸ்கான்சின், மிச்சிகன் | மினசோட்டா, கொலராடோ | வயோமிங் | மொன்டானா, இடாஹோ |
| கன்றைப் பிடித்தால் | விரட்டலாம் | அரசு ஆள், அல்லது பண்ணைக்காரர் சுடலாம் | சுடலாம் | சுடலாம் |
| பொது வேட்டை | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| வழக்கில் | நிற்கும் | பெரும்பாலும் நிற்கும் | பலமுறை விழுந்தது | கேட்கவே முடியாது |
| மறைந்த விலை | கள்ள வேட்டை, சான்றுப் பிரச்சினை | மத்திய நிதி | மாநில அரசியல் | திருத்த வழியில்லை |

## எந்த இடத்துக்கு எது

கலிஃபோர்னியா, மேற்கு ஓரிகன், மேற்கு வாஷிங்டன்: வழி 1. கூட்டங்கள் இன்னும் எண்ணிவிடக்கூடிய அளவு, இங்கே அவசரமே இல்லை.

கொலராடோ: இப்போது இருப்பதே போதும், காவலைத் தொட வேண்டாம், நஷ்டஈட்டு நிதியை மட்டும் பெருக்க வேண்டும். வாக்குப் போட்டுக் கொண்டுவந்தது நகரத்துக்காரர்கள், மாட்டைக் கொடுப்பது மலைச்சரிவுக்காரர்கள். பணமாவது நகரத்திலிருந்து வரட்டும்.

மொன்டானா, இடாஹோ, வயோமிங்: பட்டியலில் திரும்ப ஏற்றுவது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேற்கு ஓநாய்க்குத் திரும்பவும் காவல் தேவையில்லை என்று 2024ல் மத்தியத் துறை சொன்னதை 2025 ஆகஸ்டில் மொன்டானா மத்திய நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறது. அதன் முடிவு எப்படி வந்தாலும், உடனடியாக வேண்டியது பூங்கா எல்லையில் பழைய கோட்டா.

விஸ்கான்சின், மிச்சிகன்: என் வாக்கு வழி 2க்கு. மினசோட்டா விதியை அப்படியே நீட்டினால் பண்ணைக்காரருக்கு ஆள் வருவார், ஓநாய்க்குக் கூட்டமாக வேட்டை வராது, ஓஜிப்வே மக்களும் பிப்ரவரி போன்ற ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. இல்லை, வழி 3தான் வேண்டும் என்று உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் சொன்னால், அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: 2012 சட்டத்தில் ‘நடத்த வேண்டும்’ என்றிருப்பதை ‘நடத்தலாம்’ என்று மாற்ற, காவல் நீங்குவதற்கு முன்பே வாக்களிப்பாரா?